தட்டிக்கு வெளியே நின்ற புழுதி

மேசையை விரலால் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. இன்னொரு முறை, மூலைவரை இழுத்துத் தேய்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில், அவர்கள் குடியிருக்கும் தெருவில், ஒரு துரை வீட்டில் எனக்கு வேலை. நெசவுக்காரர்கள் சொல்வதை அவருடைய பாஷையில் அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் கத்துவதைக் கொஞ்சம் தணித்துத் தமிழில் இவர்களுக்குச் சொல்ல வேண்டும். சித்திரை வெயில். மேற்கிலிருந்து வீசும் காற்றில் தெருவே கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. அந்த நேரத்தில் துரை வீட்டுக் கூடத்தில் மட்டும் காற்று குளிர்ச்சியாக வந்துகொண்டிருந்தது. மேற்கு வாசலை அடைத்து வெட்டிவேர்த் தட்டி கட்டியிருந்தார்கள். ஓர் ஆள் வெளியே நின்று அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பான். குளிர்ச்சிக்காகத்தான் அது என்று நானும் எல்லோரையும் போல நினைத்திருந்தேன்.

ஆனால் மேசையில் தூசி இல்லை. எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து, எடுத்து நிமிர்த்துவதற்குள் ஒரு படலம் படிந்திருக்கும். இங்கே காலையில் துடைத்த மேசை மத்தியானம் வரை அப்படியே இருக்கிறது. துரை ஏதோ கேட்டார். பதில் சொல்லாமல் வெளியே ஓடினேன். தட்டியின் வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் சேறு பூசியது போல இருந்தது. உள்பக்கம் வேர் வேராகத் தெரிந்தது. வரவேண்டிய புழுதி முழுக்க வெளியே நின்றுவிட்டது. காற்று மட்டும் உள்ளே போயிருக்கிறது!

எனக்கு உடனே அக்கா ஞாபகம்.

அக்காவுக்கு இழுப்பு. மழைக்காலம் முழுக்க நன்றாக இருப்பாள், சிரிப்பாள், சண்டை போடுவாள். வெயில் ஏறி ஏரி உள்வாங்கத் தொடங்கினால் போதும், மார்பு சீழ்க்கையடிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருக்கிறது. மேற்கே தண்ணீர் வற்றிய இடமெல்லாம் சேறு காய்ந்து, உப்புப் பூத்து, மாவாகிக் கிடக்கும். அந்த மாவும், சுண்ணாம்புக்காகச் சிப்பி சுடுகிற சூளைகளின் சாம்பலும் மேலைக்காற்றில் நேராக எங்கள் வாசலுக்கு வரும். மேற்கு வாசலை மூடினால் வீடு அடுப்பு. அக்காவுக்கு மூச்சு முட்டும். திறந்தால் புழுதி. மூச்சு இழுக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் அவள் தூங்குவாள். படுத்தால் முடியாது.

அக்காள் புருஷன், என் மாமா, இந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஏரியில் எந்த இடத்தில் எந்த முறை யார் வலை கட்டுவது என்பதை எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கித்தான் தீர்மானிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமாகி, ஊரிலேயே குடியிருக்கிற ஆணுக்குத்தான் சீட்டு. ஊரை விட்டுப் போனவன் பெயர் விழாது. அடுத்த குலுக்கல் வரை அவன் கரையில் நின்று மற்றவர்களுடைய வலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாமா அந்தச் சீட்டையே விடத் துணிந்துவிட்டார். காட்டூரில் ஒரு வேளாண்மைக்காரர் களத்து மேட்டில் குடிசை தருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே மரம் உண்டு, பச்சை உண்டு, உப்புப் புழுதி இல்லை. குலுக்கலுக்கு முன்னால் அக்கா மூச்சு சரியானால் இருப்பது, இல்லாவிட்டால் மூட்டை கட்டுவது என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்குப் போக மனமில்லை. "சேத்துல நின்னு நாத்து நடத் தெரியுமாய்யா ஒனக்கு? இடுப்புப் புடிச்சிக்கும்," என்று மூச்சுக்கு நடுவே கேலி செய்வாள். வலை கட்டப் பிறந்த மனுஷன் களத்து மேட்டில் கூலிக்கு நிற்கப்போகிறார், அதுவும் தன்னால் என்பது அவளை இழுப்பைவிட அதிகமாக வாட்டியது. எனக்குத் தெரியும்.

அதனால் அன்று துரையிடம் வயிற்று வலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஓடினேன்.

ஓடுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கிற ஆளிடம் கேட்டேன். "ஏன் வெட்டிவேரு? வேற எதுனா வெச்சா ஆவாதா?"

"தொரை இதத்தான் கட்டச் சொன்னாரு. கட்டிகீறேன்."

"எத்தினி நாளைக்கு ஒரு தபா மாத்துவ?"

"நாத்தம் வந்தா மாத்துவேன்."

"எம்மாம் கனத்துக்குக் கட்டணும்?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இந்த மாதிரிதான்," என்று தட்டியைக் காட்டிவிட்டு மறுபடி தெளிக்கப் போய்விட்டான். வருஷக்கணக்காக அதன் முன்னால் நிற்கிறவன். புழுதி எங்கே போகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்க மாட்டானா? எனக்கு எரிச்சலாக வந்தது. பின்கட்டில், கழற்றிப் போட்ட பழைய தட்டி ஒன்று கிடந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்பது போலக் கையை ஆட்டினான்.

அதைத் தலையில் வைத்துக்கொண்டு தோணியில் ஏறி, ஊர் வந்து சேர்ந்தபோது அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா ஓடியாற? கோட்டையில தீப்புடிச்சிகிச்சா?"

"இன்னிக்கி நீ படுத்துத் தூங்கப் போற, பாரு."

மேற்கு வாசலில் கயிறு போட்டு இறுகக் கட்டினேன். குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வீசினேன். காற்று வந்தது. குளிர்ச்சியும் வந்தது. அக்கா முகத்தை நீட்டி ஆசையாக ஒரு மூச்சு இழுத்தாள். அடுத்த மூச்சில் இருமத் தொடங்கினாள். நிற்கவே இல்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. அம்மா முதுகைத் தேய்க்க, மாமா ஓடிவந்து ஒரே வெட்டில் கயிற்றை அறுத்துத் தட்டியை மணலில் எறிந்தார்.

அவள் அடங்கிய பிறகு போய்ப் பார்த்தேன். அவசரத்தில் தட்டியைத் திருப்பிக் கட்டியிருக்கிறேன். துரை வீட்டில் வெளியே பார்த்துக்கொண்டிருந்த அழுக்குப் பக்கம் எங்கள் வீட்டில் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. தெருப் புழுதி முழுவதையும் காற்று ஊதி ஊதி அக்கா மூக்கில் சேர்த்திருக்கிறது. போதாததற்கு வேரெல்லாம் உள்ளுக்குள் பூஞ்சை. நாற்றம் வந்தால் மாற்றுவேன் என்று அவன் சொன்னானே! அந்த நாற்றம் பிடித்ததைத்தான் நான் தலையில் சுமந்து வந்திருக்கிறேன்.

"தொரை வூட்டுப் புழுதி தனி ருசிடா," என்றாள் அக்கா, சாயங்காலம், பேச்சு வந்ததும்.

மாமா சிரிக்கவில்லை. "மச்சான், படிச்சது போதும். உங்கக்காவ வெச்சிப் பாடம் படிக்காத."

நான் விடவில்லை. விடுகிற ஆளாக இருந்தால் இவ்வளவு பேச்சு வாங்கியிருக்க மாட்டேன். வேர் கிடைக்கவில்லை என்றால் வேறு எது காற்றை விட்டுப் புழுதியைப் பிடிக்கும் என்று நைனாவிடம், என் அப்பாவிடம், கேட்டேன். நைனா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "புடிக்கறதுன்னா வலைதான்," என்றார்.

அதுதான் வினை. வலை என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. தட்டியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வலையைப் பற்றி ஊரில் கருத்து இல்லாத ஆளே கிடையாது. மாமாவே கோபத்தை மறந்து வந்து உட்கார்ந்தார்.

"தூசி எம்மாம் பெருசுடா?" என்றார் நைனா.

"கண்ணுக்கே தெரியாது நைனா."

"அப்ப இறா வலையும் ஆவாது."

"ரெண்டா மடிச்சிப் போடு," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"ரெண்டு எங்க பத்தும்? நாலா மடி. கண்ணு மேல கண்ணு வராம தள்ளி மடி," என்றார் மாமா.

சின்ன மீன் வேண்டுமென்றால் சின்னக் கண் உள்ள வலை. எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்தது அது. ஆகவே மடித்தார்கள். இன்னும் மடித்தார்கள். ஆளுக்கொரு பழைய வலைத் துண்டு கொண்டுவந்து சேர்த்தார்கள். மரப்பட்டைச் சாயம் ஏறிச் சிவந்த வலைகள், ஒன்றன்மேல் ஒன்று, கடைசியில் மெத்தை கனத்துக்கு வந்துவிட்டது. மூங்கிலில் இழுத்துக் கட்டி வாசலில் நிறுத்தினார்கள். நனைக்க வேண்டும் என்றேன். ஏரித் தண்ணீர் கூப்பிடு தூரத்தில். மாமாவும் இரண்டு பேரும் தட்டியை அப்படியே தூக்கிப் போய் ஏரியில் முக்கி எடுத்து வந்தார்கள். வலையை வேறெதில் நனைப்பது? அதைப் பற்றி யாரும் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

முதல் நாள் ஊரே பெருமைப்பட்டது. தட்டிக்குப் பின்னால் நின்றால் ஒரு தூசி இல்லை. "பாத்தியா, தொரைக்கு இது தெரியுமா?" என்றார் நைனா. ஆனால் அக்கா அன்றும் உட்கார்ந்தே கிடந்தாள். வீடு வெந்தது. சாப்பாட்டுப் பானையின் மூடியில் வழக்கம் போலப் புழுதி.

எங்கிருந்து வருகிறது? கோழி இறகு ஒன்றைப் பொறுக்கி, நூலில் கட்டித் தட்டிக்கு முன்னால் பிடித்தேன். இறகு அசையவே இல்லை. காற்று உள்ளே வரவில்லை! சுவரோரமாக நகர்ந்தேன். தட்டிக்கும் வாசல் நிலைக்கும் நடுவே உள்ள இடுக்கில் இறகு துடித்தது. மேலே தூக்கினேன். சுவருக்கும் பனையோலைக் கூரைக்கும் நடுவே உள்ள சந்தில் பேயாட்டம் ஆடியது. வாசலை அடைத்ததும் காற்று கூரை வழியாக ஏறி இறங்கியிருக்கிறது. தனியாகவா வந்தது? கூரையில் சேர்ந்திருந்த தூசியையும் உருட்டிக்கொண்டுதான்.

"மாமா, கனம் கொறைக்கணும். காத்து இதுலயே வர்ற மாதிரி இருக்கணும். இடுக்க அடைக்கணும்."

"கண்ண பெருசாக்குனா புழுதி பூந்துடும் மச்சான்."

"மீனு தண்ணிக்குள்ள கீது மாமா, வேற எங்கயும் போவாது. காத்து அப்பிடி இல்ல. இங்க முடியலன்னா அங்க போவும்."

"மீனு போவாதா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆரம்பித்தார். பிறகு வலையைச் சுற்றிக்கொண்டு ஓடிய மடவை மீனைப் பற்றிய பேச்சு பொழுது சாயும் வரை நடந்தது. என் பேச்சு அதில் எங்கேயோ மூழ்கிப் போனது.

நானே தனியாகப் பாதி வலையைப் பிரித்தெடுத்தேன். இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்து மண் பூசினேன். இப்போது தட்டியின் முன்னால் இறகு மெல்ல ஆடியது. ஏரித் தண்ணீரில் நனைக்க நனைக்க நன்றாகவே குளிர்ந்தது. அக்கா அன்று சாய்மானத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். நான் வேலைக்குப் போகும்போது துள்ளிக்கொண்டு போனேன்.

நாலைந்து நாளில் மறுபடி சீழ்க்கைச் சத்தம். முன்னைவிடக் கூர்மையாக. தட்டி விறைத்து, தொட்டால் மொறுமொறுவென்று முறிந்தது. தட்டிப் பார்த்தேன், வெள்ளை மாவு கொட்டியது. கையை நக்கினேன்.

உப்பு.

வெயில் காலத்து ஏரித் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். காற்று தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை வலையில் விட்டுப் போகிறது. காய்ந்த உப்பைத் திரும்ப ஊதி உள்ளே அனுப்புகிறது. வெளியிலிருந்து வரும் உப்புப் புழுதியைத் தடுக்க நாங்களே வாசலில் உப்பு விளைவித்திருக்கிறோம். நைனா வந்து பார்த்தார். "உப்பளம் போட்டுட்டோம்டா," என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலையை அறுத்து ஏரியில் வீசினேன். அதில் பெரும்பகுதி பக்கத்து வீட்டுக்காரருடைய வலை. அதற்கு வேறு பேச்சு வாங்கினேன்.

"நல்ல தண்ணி ஊத்தணும்," என்றேன் சாப்பிடும்போது.

"வலைக்கா?" அம்மா அகப்பையோடு நின்றுவிட்டாள்.

"வலை வேணாம். வேரே கொண்டாறேன்."

வேலை இல்லாத ஒரு நாளில் ஒரு கூடைக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு, தோணியில் அக்கரை போய்க் காட்டூருக்கு நடந்தேன். மாமாவுக்குக் குடிசை தருவதாகச் சொன்ன அதே வேளாண்மைக்காரர் வீடு. கருவாட்டை வாங்கிக்கொண்டு, வாய்க்கால் கரையில் மண்டிக் கிடந்த வெட்டிவேர்ப் புதரைக் காட்டினார்கள். "மீன்காரப் புள்ள வேரு தோண்டுது பாரு," என்று களை எடுக்கிற பெண்கள் சிரித்தார்கள். மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்தது. குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்தக் களத்து மேட்டுக் குடிசை கண்ணில் பட்டது. நல்ல குடிசைதான். வேப்பமர நிழல். அக்கா அங்கே மூச்சு விடுவாள். மாமாதான் முடியாமல் போவார்.

வேரை அலசி, இரண்டு மூங்கில் சட்டத்துக்கு நடுவே பரப்பிக் கட்டினேன். முதலில் கட்டியது கனம். இறகு அசையவில்லை. பிரித்தேன். அடுத்தது ரொம்பத் தளர்வு. விரலை விட்டால் அந்தப் பக்கம் போனது. மறுபடி பிரித்தேன். மூன்றாவதில் இறகு நடுங்கியது, ஓடவில்லை. எது வெளிப்பக்கம் என்று மறக்காமலிருக்க அந்தப் பக்கத்துச் சட்டத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்தேன். இடுக்கெல்லாம் நாரும் மண்ணும். கூரைச் சந்தில் பழைய ஓலை. பிறகு ஊற்றுத் தண்ணீர் ஒரு குடம்.

அன்று மத்தியானம் அக்கா படுத்தாள். கால் நீட்டி, மல்லாந்து, கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு. தூங்கியும் போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, சீழ்க்கை இல்லை. மாமா வாசலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தார், சத்தம் போடாமல், கையை மட்டும் ஆட்டி. அடுத்த நாளும் தூங்கினாள். அதற்கடுத்த நாளும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் உள்ள ஒவ்வொரு மேற்கு வாசலுக்கும் ஒன்று கட்டலாம் என்று மனசுக்குள் காட்டூர் வாய்க்கால் கரையையே பெயர்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைப் பற்றி நான் நினைக்கவில்லை. பெண்கள் நினைத்தார்கள்.

எங்கள் ஊரில் குடிதண்ணீர் என்றால் மணலில் தோண்டிய ஊற்று. வெயில் காலத்தில் அடியில் ஒரு கை தண்ணீர் சுரக்கும். ஒருத்தி எடுத்து முடித்து, மறுபடி ஊறும் வரை அடுத்தவள் காத்திருக்க வேண்டும். அம்மா கூடுதலாக எடுத்துப்போன குடங்கள் எங்கே போகின்றன என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை இடுப்பில் வெறுங்குடத்தோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"நாங்க கொட்டாங்கச்சியில மொண்டு மொண்டு கொடம் ரொப்பறோம். இங்க இன்னாடான்னா செவுத்துக்கு அபிசேகம் நடக்குது!"

"செவுரு இல்ல அத்தை, தட்டி. காத்துல கீற புழுதிய இது..."

"புழுதி எங்க வூட்லயுந்தான் கீது. நாங்க இன்னா துண்ணாம கீறோமா?"

அம்மா தலை குனிந்து நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் விளக்கினேன். ஊர்த் தலைவர் வந்தார், அவரிடமும் விளக்கினேன். காற்று, ஈரம், வேர், உப்பு, எல்லாம் சொன்னேன். படித்த சொற்களையும் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகூடப் பார்த்தார். "ஜோராத்தான் கீது," என்றார். பிறகு சொன்னார்:

"உங்கக்கா மூச்சு உடணும், வாஸ்தவம். எம் பேரப்புள்ள தண்ணி குடிக்கணும். மழை வர்ற வரைக்கும் ஊத்துத் தண்ணி குடிக்க, ஆக்க, தலைக்கு ஊத்திக்க. அம்மாந்தான்."

அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் சொன்னது சரி. அதைப் போல எரிச்சல் எனக்கு இதுவரை வந்ததில்லை.

அதன்பிறகு உலர்ந்த தட்டிதான். விடியற்காலையில் கழற்றி, காற்றுக்குக் கீழ்ப்புறமாக வெகுதூரம் கொண்டுபோய்த் தடியால் அடித்து உதறினேன். அடிக்க அடிக்கப் பழுப்புப் புகை. அவ்வளவும் அக்கா மார்புக்குள் போகாதது என்று கொஞ்சம் ஆறுதல். ஆனால் காய்ந்த வேர் பெரிய மண்ணைப் பிடிக்கிறது, மாவை விட்டுவிடுகிறது. ஈரத்தில்தான் மாவு ஒட்டும். அதிகமாக அடித்ததில் வேரும் ஒடிந்து உதிர ஆரம்பித்தது. மென்மையாக அடித்தால் அழுக்கு போகவில்லை. அக்கா மறுபடி சுவரில் சாய்ந்துவிட்டாள். பாதி சாய்வு. முன்பு போல முழுக்க நிமிர்ந்து அல்ல. இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா?

இன்று மத்தியானம் வேலையிலிருந்து வந்தபோது மாமா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நாளை குலுக்கல். பாயைச் சுருட்டி, அதற்குள் அரிவாள்மணையை வைத்து, வலைக்கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கயிற்றை மூட்டைக்குப் போட்டதைப் பார்த்ததும் அவர் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"மாமா, இன்னும் ரெண்டு நாளு..."

"ரெண்டு நாளுல தண்ணி மொளைக்குமா மச்சான்?"

அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டிக்குக் கீழே மண் இன்னும் கறுத்திருந்தது, தண்ணீர் ஊற்றிய நாட்களின் கறை.

"டேய்," என்றாள். "நீ ஊத்துன தண்ணி... பாதி கீழ சொட்டுச்சே... எங்க போச்சு?"

"மண்ணுக்கு."

"மண்ணு குடிக்கறதுக்கா... ஊரோட... சண்ட போட்டீங்க?"

மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் தட்டியைப் பார்த்தேன். பாதி என்று அவள் சொன்னது குறைவு. முக்கால்வாசித் தண்ணீர் வேரில் நிற்காமல் ஓடி மணலில் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மேலே எவ்வளவு ஊற்றுவது என்றே கணக்குப் போட்டவன், கீழே ஓடுவதைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை. அதைப் பிடித்தால்? பிடித்துத் தெளியவைத்துத் திரும்ப ஊற்றினால்? வெயில் குடிப்பதை மட்டும் ஈடு செய்தால் போதும். நாளுக்கு ஒரு குடம்கூட வேண்டாம்.

"அந்த ஒரு கொடத்துக்கும் தலைவர் உடமாட்டாரு," என்றார் மாமா. ஆனால் கயிற்றை இறுக்குவதை நிறுத்தியிருந்தார்.

"நான் தலைக்கு ஊத்திக்கற தண்ணி கீதே... அத எடுத்துக்கோ," என்றாள் அக்கா. "நான் ஏரியிலயே குளிச்சிக்கறேன்."

"உப்புத் தண்ணியில முடி செக்கச் செவேல்னு ஆயிடும்டி," என்றாள் அம்மா.

"செவத்த பொண்டாட்டி... யாருக்குக் கெடைக்கும்? இல்லய்யா?"

மாமா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாளைக்கி எம் பேருக்குச் சீட்டுப் போடச் சொல்றேன்," என்றார். "ஆனா மூட்டைய அவுக்க மாட்டேன். மறுபடி இவளுக்கு ஒதடு நீலம் பூத்திச்சி, வந்த பாட்ட அவன் கையில குடுத்துட்டு நடையக் கட்டிடுவேன்." அவன் என்றது பக்கத்து வீட்டுக்காரரை. வலை போன கோபம் அவருக்கு அதில் தீரும்.

மூட்டை கட்டியபடியே மூலையில் இருக்கிறது. நான் செய்ய வேண்டியவை தலைக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பனந்தோணி ஒன்று வேண்டும். பனைமரத்தைப் பாதியாகப் பிளந்து குடைந்தது, காட்டூரில் வாய்க்காலுக்குக் குறுக்கே தண்ணீர் விட வைத்திருப்பார்கள். பழையது ஒன்று கேட்டால் கிடைக்கும். வாசல் அகலத்துக்கு அறுத்துத் தட்டிக்குக் கீழே ஒரு பக்கம் சரிவாக வைக்க வேண்டும். சரிவு அதிகமானால் சேறு தெளியாமல் பானைக்கு ஓடிவிடும், குறைந்தால் தண்ணீர் நின்று புழு வைக்கும். பானை வாயில் துணி கட்ட வேண்டும். திரும்பத் திரும்ப ஊற்றினால் புழுதியில் உள்ள உப்பும் அந்தத் தண்ணீரில் ஏறிக்கொண்டே போகும். எத்தனை முறைக்குப் பிறகு கொட்டிவிட்டுப் புதிது எடுப்பது என்று தெரியவில்லை. இன்னொரு தட்டியும் கட்ட வேண்டும். ஒன்று வாசலில் நனையும்போது மற்றது வெயிலில் காயட்டும், அப்போதுதான் பூஞ்சை பிடிக்காது. அதற்கு மறுபடி வேர், மறுபடி மண்வெட்டி.

துரையிடம் நாளைக்கு என்ன வலி என்று சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை. மாமா சீட்டு எடுக்கிற நேரத்தில் நான் காட்டூர் வாய்க்கால் கரையில் இருப்பேன். முதலில் பனந்தோணி.